வீடியோவும் சினிமாவும் வைத்து செஸ் கற்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செஸ் வீடியோ பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: மாதக்கணக்காகப் பார்க்கிறேன், ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) பெயரெல்லாம் அத்துபடி, ஆனால் ஆட உட்கார்ந்தால் பத்து நகர்த்தலுக்குள் ஒரு குதிரை சும்மா போய்விடுகிறது. காரணம் எளிது. வீடியோவில் யோசிக்கிற வேலையைப் பேசுகிறவர் செய்துவிடுகிறார், பார்க்கிறவருக்குத் தலையாட்டும் வேலைதான் மிச்சம். நல்ல நகர்த்தலைக் காட்டிய பிறகு ‘அட, ஆமாம்’ என்று எல்லோருக்கும்தான் தோன்றும். காட்டுவதற்கு முன்னால் தோன்றியதா என்பதே கேள்வி.

அதனால் இங்கே சொல்லப்போவது எந்த வீடியோ சிறந்தது என்பதைவிட, எந்த வீடியோவையும் எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம். 20 நிமிட வீடியோவை இந்த முறையில் பார்த்து முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஆகவில்லை என்றால் நீங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள். வேடிக்கை பார்ப்பதும் தப்பில்லை. அதற்குரிய பகுதி கடைசியில் வருகிறது.

பலகை, நோட்டு, போன்

திரையில் தெரியும் பலகை போதாது, எதிரே ஒரு நிஜப் பலகை வேண்டும். சுருட்டி வைக்கிற விரிப்புப் பலகையும் பிளாஸ்டிக் காய்களும் போதும். கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. இருந்தால் அதுவே போட்டிகளில் பயன்படும் அளவு. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும், அது இல்லாத பலகையை வாங்காதீர்கள். சின்னக் காந்தப் பலகை பயணத்துக்கு நன்றாக இருக்கும், பயிற்சிக்குக் கண் வலிக்கும்.

விரிக்கும்போது உங்கள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில். வீடியோவில் வெள்ளை கீழே இருந்தால் நீங்களும் வெள்ளைப் பக்கம் உட்காருங்கள், பேசுகிறவர் பலகையைத் திருப்பினால் நீங்களும் திருப்புங்கள். புதியவர்கள் பாதி வழியில் குழம்பி நிறுத்துவதற்கு இந்த ஒரு விஷயம்தான் பெரும்பாலும் காரணம்.

காய்களின் பெயர் வீட்டுக்கு வீடு மாறும். இங்கே ரூக் யானை, நைட் குதிரை, பிஷப் மந்திரி, குயின் ராணி, பான் சிப்பாய்.

லிசெஸ் தளத்தில் ஒரு கணக்கு தொடங்குங்கள். விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. அதில் மூன்று வசதிகள் நமக்கு முக்கியம்: பகுப்பாய்வுப் பலகை, புதிர்கள், ‘ஸ்டடி’ என்ற சேமிப்புப் பகுதி. பிறகு ஒரு நோட்டு. பக்கத்தில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் வீடியோவின் நிமிடம், இரண்டாவதில் நீங்கள் நினைத்த நகர்த்தல், மூன்றாவதில் உண்மையில் ஆடியது.

யூடியூபைக் கணினியில் பார்த்தால் கே விசை நிறுத்தும், ஜே விசை 10 நொடி பின்னால் கொண்டுபோகும். நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும். பேசுகிறவர் சரசரவென்று நான்கு நகர்த்தலை ஓட்டிவிட்டால் இந்த இரண்டு விசைகள்தான் கைகொடுக்கும். போனில் திரையின் இடப்பக்கம் இரண்டு முறை தட்டினால் பின்னால் போகும். வேகத்தை 0.75க்குக் குறைத்து வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கட்டங்களின் பெயர் காதில் விழ வேண்டும்

செங்குத்து வரிசைகள் ஏ முதல் எச் வரை, கிடை வரிசைகள் 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா நிற்பது இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8. படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகும், காதில் கேட்டவுடன் கண் அந்தக் கட்டத்துக்குப் போக இரண்டு வாரம் ஆகும். லிசெஸ்ஸின் ‘கோஆர்டினேட்ஸ்’ பயிற்சி இதற்கென்றே இருக்கிறது. 30 நொடி ஓட்டம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. பி, சி, டி, இ, ஜி எல்லாம் வேகமான ஆங்கிலப் பேச்சில் ஒரே மாதிரி காதில் விழும். அதனால் கேட்பதோடு நிற்காமல் திரையில் எந்தக் காய் நகர்ந்தது என்பதையும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இதைத் தாண்டாமல் ஆட்ட விளக்க வீடியோவுக்குப் போவதில் பயனில்லை.

எதை முதலில், எதைப் பிறகு

தேடலில் முதலில் கண்ணில் படுவது ஓப்பனிங் வீடியோக்கள்தான், கடைசியில் பார்க்க வேண்டியதும் அவைதான். வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் விதிகள். காய் நகர்த்தல் தெரியும் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்று இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று காஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது: ராஜா செக்கில் இருக்கும்போது செய்யக் கூடாது, எதிரி தாக்கும் கட்டத்தைத் தாண்டியும் போகக் கூடாது. ஆனால் தாக்கப்படுவது யானை என்றால் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவது ஆம்பாஸான்: எதிரியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி உங்கள் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அடுத்த நகர்த்தலிலேயே வெட்டியாக வேண்டும், ஒரு முறை விட்டால் உரிமை போய்விடும். மூன்றாவது ஸ்டேல்மேட்.

ஸ்டேல்மேட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜெயித்த ஆட்டத்தை டிரா ஆக்குவதில் புதியவர்களுக்கு இதைப்போல எதிரி வேறில்லை. பலகையில் கறுப்பு ராஜாவை ஏ8 மூலையில் வையுங்கள். வெள்ளை ராணியை சி7இல் வையுங்கள். வெள்ளை ராஜா எங்கோ தூரத்தில், எச்1இல் இருக்கட்டும். இப்போது கறுப்பின் முறை. ஏ7, பி7, பி8 மூன்று கட்டமும் ராணியின் பிடியில். செக் இல்லை, நகரவும் இடமில்லை, ஆட்டம் டிரா. ராணியை பி6இல் வைத்தாலும் இதே கதை. இரண்டு கட்டமும் மூலையிலிருந்து குதிரைத் தாவல் தூரம் என்பதைக் கவனியுங்கள். எதிரி ராஜாவை ராணியால் துரத்தும்போது குதிரைத் தாவல் தூரத்திலேயே தொடர்ந்து போவது நல்ல உத்தி, எல்லா வீடியோவும் அதைத்தான் சொல்லித்தரும். ஆனால் அது மூலைக்குப் போனதும் தொடர்வதை நிறுத்திவிட்டு, உங்கள் ராஜாவை நடத்திக் கொண்டுவர வேண்டும். வீடியோவில் இந்தக் கடைசி வாக்கியம் ஒரே நொடியில் கடந்துபோய்விடும்.

விதிகளுக்கு அடுத்தது அடிப்படை மேட்கள்: இரண்டு யானை மேட், ராணி மேட், ஒற்றை யானை மேட். மூன்றையும் கணினிக்கு எதிராகத் தப்பில்லாமல் முடிக்க வர வேண்டும். பிறகு காப்பு இல்லாத காய்கள், ‘ஃபோர்க்’ (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), ‘பின்’ (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்காய் நகர முடியாமல் போவது), ‘ஸ்கூவர்’ (முன்னால் உள்ள பெரிய காய் விலகினால் பின்காய் போவது). இதற்கு ஜான் பார்த்தலோமியூவின் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ தொடரில் முதல் பகுதியே போதுமான தொடக்கம், காப்பில்லாத காய்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அப்புறம் ஓப்பனிங்கின் பொதுக் கொள்கைகள்: மையம், காய்களை வெளியே கொண்டுவருதல், காஸ்லிங். அதன்பின் ராஜா–சிப்பாய் என்ட்கேம், அதாவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம். அதற்கெல்லாம் பிறகுதான் முழு ஆட்டங்கள்.

நிறுத்திப் பார்க்கும் முறை: ஒரு ஆட்டத்தில் செய்து காட்டல்

எடுத்துக்கொள்ளும் ஆட்டம் 1858இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் நடந்தது. வெள்ளை, அமெரிக்கரான பால் மார்ஃபி. கறுப்பு, கலந்து பேசி ஆடிய இருவர்: பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரெஞ்சுப் பிரபுவும். மொத்தம் 17 நகர்த்தல். கிட்டத்தட்ட எல்லாச் செஸ் சேனலிலும் இந்த ஆட்டத்துக்கு ஒரு வீடியோ இருக்கும். அதைத் திறந்து பலகையை அடுக்குங்கள். கீழே காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய், × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0-0 என்றால் ராணிப் பக்கக் காஸ்லிங், எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல்.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 மந்திரி ஜி4 4. டி×இ5 மந்திரி×எஃப்3 5. ராணி×எஃப்3 டி×இ5 6. மந்திரி சி4 குதிரை எஃப்6.

இதுவரை ஓட விடலாம், கையால் மட்டும் கூடவே நகர்த்துங்கள். இங்கே முதல் நிறுத்தம். எஃப்7இல் மேட் மிரட்டல் இருந்தது, கறுப்புக் குதிரை வந்து மறைத்துவிட்டது. வெள்ளைக்கு இப்போது என்ன? நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நகர்த்தலை எழுதுங்கள். மனதில் நினைத்தால் போதாது, எழுத வேண்டும். எழுதாவிட்டால் விடை தெரிந்ததும் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனசு ஏமாற்றும்.

மார்ஃபி ஆடியது 7. ராணி பி3. எஃப்7, பி7 இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. கறுப்பு 7... ராணி இ7 என்று எஃப்7ஐக் காத்தது.

இரண்டாவது நிறுத்தம். இங்கே பெரும்பாலோர் ராணி×பி7 என்று எழுதுவார்கள். தப்பில்லை, சிப்பாய் கிடைக்கும். ஆனால் கறுப்பு ராணி பி4இல் வந்து செக் சொல்லும், ராணிகள் மாறும், ஆட்டம் நீளும். மார்ஃபி சிப்பாயை விட்டுவிட்டு 8. குதிரை சி3 ஆடினார். ஏன்? கறுப்பைப் பாருங்கள். இ7இல் ராணி நிற்பதால் எஃப்8 மந்திரிக்கு வழி அடைபட்டிருக்கிறது, அது வெளியே வராமல் அந்தப் பக்கம் காஸ்லிங் நடக்காது. ராஜா நடுவில் மாட்டியிருக்கிறது. இந்தக் காரணத்தை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு வீடியோக்காரர் என்ன காரணம் சொல்கிறார் என்று கேளுங்கள்.

8... சி6 9. மந்திரி ஜி5 பி5. மூன்றாவது நிறுத்தம். சி4 மந்திரி தாக்கப்பட்டிருக்கிறது. பின்வாங்குவது இயல்பு. ஆனால் 10. குதிரை×பி5 சி×பி5 11. மந்திரி×பி5+ குதிரை (பி வரிசையில் இருப்பது) டி7 12. 0-0-0. ஒரு குதிரை கொடுத்து இரண்டு சிப்பாய் வாங்கியிருக்கிறார். கணக்கில் நட்டம். ஆனால் இரண்டு பக்கமும் வேலை செய்கிற காய்களை விரல் விட்டு எண்ணுங்கள். கறுப்பின் எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் இன்னும் நாற்காலியை விட்டே எழவில்லை.

12... யானை டி8 13. யானை×டி7 யானை×டி7 14. யானை டி1 ராணி இ6 15. மந்திரி×டி7+ குதிரை×டி7.

நான்காவது நிறுத்தம், இரண்டு நகர்த்தலில் மேட் இருக்கிறது. இதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். காய்களைத் தொடாதீர்கள்.

16. ராணி பி8+ குதிரை×பி8 17. யானை டி8 மேட். ராணியைக் கொடுத்ததால் டி வரிசையை மறைத்துக்கொண்டிருந்த குதிரை விலகியது, டி8 யானைக்கு ஜி5 மந்திரி காவல். பலகையில் மேட் நிலையைக் கலைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். கறுப்பு ராஜா போகக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, எது தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

வீடியோ முடிந்ததும் அதை மூடிவிட்டு, ஆட்டம் முழுவதையும் நினைவிலிருந்து அடுக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த நகர்த்தலின் காரணம் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம், அந்த நிமிடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். மறுநாள் இன்னொரு முறை. நான்கு நிறுத்தத்தில் ஒன்று சரியாக வந்தாலும் தொடக்கத்தில் அது நல்ல மதிப்பெண்தான்.

இந்த முறை யூடியூபுக்கு முந்தையது. 1970களின் இறுதியில் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, அங்கே பகல் நேரத் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வந்தது. அவர் பள்ளியில் இருப்பார். அவருடைய அம்மா ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார், மாலையில் இருவரும் பலகையில் வைத்துத் தீர்த்து விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். மறுபடி மறுபடி அவரே ஜெயித்ததால், வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். நிகழ்ச்சியை நேரில் பார்க்காமல், எழுதிய தாளையும் பலகையையும் வைத்துக்கொண்டு கற்றார் என்பதுதான் இதில் நமக்கு வேண்டியது.

எந்த வகை வீடியோவில் என்ன கிடைக்கும்

பாட வகுப்புகள்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் செஸ் கிளப் வெளியிட்டிருக்கும் விரிவுரைகள் இந்த வகையில் நம்பகமானவை. கிராண்ட்மாஸ்டர் சுவர்ப்பலகை முன்னால் நின்று கேள்வி கேட்பார், எதிரே மாணவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் வரும் முன்னால் நிறுத்துவது உங்கள் வேலை. தப்பான பதில்களையும் அவர் ஏன் தப்பு என்று விளக்குவதால் இவை வெறும் விளக்க வீடியோவைவிட ஒரு படி மேல்.

கீழிருந்து ஏறும் தொடர்கள்: பலமான ஆட்டக்காரர் ஒருவர் புதிய கணக்கில் தாழ்ந்த ரேட்டிங்கில் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) தொடங்கி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வாய்விட்டுக் காரணம் சொல்லிக்கொண்டே ஏறுவார். மறைந்த கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் ‘ஸ்பீட்ரன்’ வரிசை இதில் தனி உயரம். முதல் மாதத்தில் இருப்பவருக்கு செஸ்பிரா சேனலில் அமன் ஹாம்பிள்டன் செய்த ‘பில்டிங் ஹாபிட்ஸ்’ இன்னும் பொருத்தம். சும்மா கிடைக்கும் காயை எடு, சும்மா கொடுக்காதே என்கிற அளவுக்கு எளிய விதிகளைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டு ஆடுவார், தந்திரமான நகர்த்தல் தெரிந்தாலும் ஆட மாட்டார். புதியவர் எந்தத் தரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆட்ட விளக்கங்கள்: அகட்மேட்டர், காதம்செஸ் போன்றவை. பழைய ஆட்டங்களுக்கு அகட்மேட்டரின் நிதானம் பொருந்தும், நடுவில் வீடியோவை நிறுத்தி யோசிக்கச் சொல்லும் வழக்கமும் அவருக்கு உண்டு. இந்தியப் போட்டிகளுக்கு செஸ்பேஸ் இந்தியா.

மின்னல் ஆட்ட ஒளிபரப்பு, அதாவது மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஆட்டங்கள்: பொழுதுபோக்குக்குச் சரி, பாடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் யோசிக்காமல் ஆடுவது போலத் தெரிவதற்குப் பின்னால் பல ஆண்டு யோசனை இருக்கிறது, அந்த வேகத்தை மட்டும் காப்பியடித்தால் மிஞ்சுவது கைநடுக்கம்தான்.

‘எட்டே நகர்த்தலில் வெற்றி’, ‘யாருக்கும் தெரியாத ட்ராப்’ (பொறி) வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிரபலமான நான்கு நகர்த்தல் மேட்டையே பாருங்கள்: 1. இ4 இ5 2. மந்திரி சி4 குதிரை சி6 3. ராணி எச்5, கறுப்பு கவனிக்காமல் குதிரை எஃப்6 ஆடினால் 4. ராணி×எஃப்7 மேட். ஆனால் கறுப்பு 3... ஜி6 ஆடிவிட்டால்? ராணி எஃப்3க்கு ஓடி மறுபடி மிரட்டும், கறுப்பு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவரும், மிரட்டல் தீர்ந்தது. வெள்ளை ராணி இரண்டு நகர்த்தல் நடந்து, சொந்தக் குதிரைக்குரிய எஃப்3 கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கறுப்புக்கு இரண்டு குதிரையும் வெளியே. ட்ராப் வீடியோக்கள் இந்த இரண்டாவது பாதியைக் காட்டுவதில்லை. அவற்றைப் பார்ப்பதென்றால் மாட்டிக்கொள்கிறவரின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்: எந்த நகர்த்தலில் தப்பித்திருக்கலாம்?

தமிழில் தேடும்போது ‘சதுரங்கம்’ என்று மட்டும் போட்டால் சினிமாப் பாடல்களும், செஸ்ஸுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ‘சதுரங்க வேட்டை’ காட்சிகளும் கலந்து வரும். ‘செஸ் தமிழ்’ என்பதோடு தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘செஸ் தமிழ் காஸ்லிங்’, ‘செஸ் தமிழ் என்ட்கேம்’. விதிகளையும் அடிப்படை மேட்களையும் தாய்மொழியில் கேட்பது நல்லது. அதற்கு மேல் போகும்போது ஆங்கில வீடியோவையும் பழகிக்கொள்ளுங்கள், பலகை தெரிகிறவரை பாதிப் பேச்சு புரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

காசு கொடுத்து வாங்கும் கோர்ஸ்கள் முதல் ஆறு மாதத்துக்குத் தேவையே இல்லை.

நேரத்தைப் பிரிப்பது பற்றி ஒரு கணக்கு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் இரண்டு மணி பலகையோடு வீடியோ, இரண்டு மணி நிதானமான ஆட்டம் (15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 நொடி கூடுதலும்), ஒரு மணி புதிர்கள். வீடியோ நேரம் ஆட்ட நேரத்தைத் தாண்டினால் ஏதோ தவறுகிறது.

நேரலையும் அந்தப் பக்கவாட்டுப் பட்டையும்

நேரலை ஒளிபரப்பில் பலகையின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஏறி இறங்கும் பட்டை ஒன்று இருக்கும். இன்ஜின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரல், சொல்லும் கணிப்பு அது. +1 என்றால் வெள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்கு. புதியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பட்டையையே பார்ப்பார்கள். பட்டை விழுந்ததும் ‘அய்யோ தப்பு’ என்று தெரிந்துவிடும், என்ன தப்பு என்று தேடவே தோன்றாது. ஒட்டும் தாள் ஒன்றை எடுத்துத் திரையில் அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஐந்து நகர்த்தலுக்கு ஒரு முறை, யாருக்கு நல்ல நிலை, ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைத் தூக்கிப் பாருங்கள்.

பழக ஒரு நல்ல பதிவு, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆம் ஆட்டம். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் 6½–6½ என்று சமமாக இருந்தார்கள். கறுப்பாடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் யானைகளும் மந்திரிகளும் பலகையில் இருந்தவரை டிங் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். 54ஆம் நகர்த்தலில் நிறுத்துங்கள். டிங் 55. யானை எஃப்2 ஆடினார். ஏன் இது ஆட்டத்தையும் பட்டத்தையும் பறிகொடுத்தது? தாளை ஒட்டிக்கொண்டு கண்டுபிடியுங்கள்.

விடை: கறுப்பு யானைகளை மாற்றுகிறது, பிறகு 56... மந்திரி டி5. வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் இருக்கிறது, அந்த ஒரே மூலைவிட்டத்தின் குறுக்கே கறுப்பு மந்திரி வந்து நின்றதும் மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மாறினால் மிஞ்சுவது ராஜா–சிப்பாய் என்ட்கேம், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. 58ஆம் நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராஜா–சிப்பாய் பாடத்தை முழு ஆட்டங்களுக்கு முன்னால் வைத்ததன் காரணம் இங்கே தெரியும். அந்தப் பாடம் பார்த்தவருக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும், பார்க்காதவருக்கு வர்ணனையாளர்கள் ஏன் திடீரென்று கத்துகிறார்கள் என்றே தெரியாது.

சினிமா: ரசிக்கவும், கொஞ்சம் துருவவும்

படத்திலிருந்து யாரும் செஸ் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் படம் பார்த்த பிறகு ஆட உட்கார்ந்தவர்கள் ஏராளம். பார்க்கும்போதே கவனிக்கச் சில விஷயங்கள்: வலது மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா, ராணி சரியான கட்டத்தில் நிற்கிறதா, காயைத் தொட்ட அதே கையால் கடிகாரத்தை அழுத்துகிறார்களா, போட்டி ஆட்டத்தில் நகர்த்தலை எழுதுகிறார்களா. சினிமாவில் உலகத்தர வீரர்கள்கூடத் திடுக்கிட்டு மேட் ஆவார்கள். நிஜத்தில் அந்தத் தரத்தில் மேட் வரை விடுவது அபூர்வம், அதற்கு வெகு முன்னாலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிடுவார்கள்.

குழந்தைகளோடு பார்க்க ‘குயின் ஆஃப் கத்வே’ (2016). மீரா நாயர் இயக்கியது, உகாண்டாவின் கம்பாலா நகரக் குடிசைப்பகுதியிலிருந்து வந்த ஃபியோனா முட்டேசியின் நிஜக் கதை. சிப்பாய் கடைசி வரிசை போய் ராணியாவதை அதில் ஒரு சின்னப் பெண் விளக்குகிற மாதிரி எந்தப் பாட வீடியோவும் விளக்கவில்லை. ‘சர்ச்சிங் ஃபார் பாபி ஃபிஷர்’ (1993) படத்தில், பையன் விடை காணத் திணறும்போது பயிற்சியாளர் காய்களைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு வெறும் பலகையைப் பார்த்து யோசிக்கச் சொல்லும் காட்சி வரும். மேலே மார்ஃபி ஆட்டத்தின் நான்காவது நிறுத்தத்தில் காய்களைத் தொடாதீர்கள் என்று சொன்னதும் இதே பயிற்சிதான். படத்தின் இறுதி ஆட்டம் படத்துக்காக உருவாக்கப்பட்ட நிலை, நிஜத்தில் அந்தப் பையனின் அந்தப் போட்டி டிராவில் முடிந்தது.

‘தி குயின்ஸ் கேம்பிட்’ (2020) ஏழு பகுதித் தொடர். கேரி காஸ்பரோவும் புரூஸ் பாண்டல்ஃபினியும் ஆலோசகர்கள் என்பதால் பலகையில் நடப்பது நம்பும்படி இருக்கும். போதை மாத்திரையும் குடியும் வருவதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கடைசி ஆட்டம் 1993இல் பீல் நகரில் பாட்ரிக் வுல்ஃபும் வாசிலி இவான்சுக்கும் ஆடியதை அடிப்படையாகக் கொண்டது. மூல ஆட்டம் டிரா. இரண்டையும் பக்கத்துப் பக்கம் வைத்து எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு மாலைக்கு நல்ல வேலை. தொடரில் வரும் வரலாற்றை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜார்ஜியாவின் நோனா கப்ரின்டாஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனம் வரும். அவர் ஆண்கள் பலரோடு ஆடியவர், 1978இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண். அந்த வசனத்துக்காக வழக்குத் தொடர்ந்தார், 2022இல் சமரசமானது.

‘பான் சாக்ரிஃபைஸ்’ (2014) பார்ப்பதானால் முதலில் அதன் மையமான 1972 ரெய்க்யவிக் உலக சாம்பியன்ஷிப்பில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய முதல் ஆட்டத்தையும் ஆறாம் ஆட்டத்தையும் பலகையில் ஓட்டிவிடுங்கள். முதல் ஆட்டத்தில் ஃபிஷர் 29ஆம் நகர்த்தலில் எச்2 சிப்பாயை மந்திரியால் எடுத்து, அந்த மந்திரியை வெளியே எடுக்க முடியாமல் தோற்றார். ஆறாம் ஆட்டம் முடிந்ததும் ஸ்பாஸ்கியே கைதட்டினார். ஆட்டம் தெரிந்தவருக்கு நடிகர்களின் முகத்தில் இன்னொரு கதை தெரியும்.

துருவிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு. 1963ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ தொடக்கத்தில் வரும் ஆட்டம், 1960இல் லெனின்கிராடில் ஸ்பாஸ்கி புரோன்ஸ்டைனை வென்றது. திரையில் உள்ள நிலையில் இரண்டு சிப்பாய்கள் குறையும், எவை என்று ஒப்பிட்டுக் கண்டுபிடியுங்கள். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்தில் ஹால் கணினி ஆடுவது 1910இல் ஹாம்பர்க்கில் நடந்த ரோஷ்–ஷ்லாகே ஆட்டம். கட்டங்களைக் காய்களின் பெயரால் சொல்லும் பழைய விவரிப்புக் குறியீட்டில் ராணி போகும் வரிசை எண்ணைக் கணினி தப்பாகச் சொல்லும்.

சத்யஜித் ரேயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) 1856இன் லக்னோ. ஆங்கிலேயர் ஆட்டமுறையில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் போகலாம் என்று ஆட்டப் பைத்தியமான நண்பர்கள் இருவரும் கேட்டு வியக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் ‘செஸ் ஃபீவர்’ (1925): மௌனப் படம், அந்த ஆண்டு மாஸ்கோ போட்டிக்கு வந்த அன்றைய உலக சாம்பியன் காபாபிளாங்காவே இதில் தோன்றுகிறார், மொழியும் தேவையில்லை. 2013இல் சென்னையில் ஆனந்தை கார்ல்சன் 6½–3½ என்று வென்றது வரை போகும் ஆவணப்படம் ‘மேக்னஸ்’ (2016).

இவற்றில் பலரும் பார்க்காமல் விடுவது ‘அல்காரிதம்ஸ்’ (2012). இந்தியாவின் பார்வையற்ற இளம் செஸ் வீரர்களைப் பற்றிய கறுப்பு–வெள்ளை ஆவணப்படம், அவர்களில் சென்னைப் பையனும் ஒருவன். அவர்களுடைய பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் துளை, காயின் அடியில் முளை, கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம். இருவருக்கும் தனித்தனிப் பலகை, நகர்த்தலை வாயால் சொல்ல வேண்டும். அப்போது எழுத்துகள் குழம்பாமல் இருக்க அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபீலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று சொல்வது சர்வதேசப் பரிந்துரை. பி, டி, இ குழப்பம் தீராதவர்கள் வீடியோ பார்க்கும்போது இதே பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பழகலாம்: ‘குதிரை ஃபீலிக்ஸ் 3’. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வாசிக்க, மற்றவர் திரையைப் பார்க்காமல் பலகையில் வைக்கலாம். பத்து நகர்த்தல் ஆனதும் வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காய் மாறியிருந்தால் ஐந்தாவது நகர்த்தலிலிருந்து மறுபடி.